ஜோன் மோசஸ் பிறவுணிங்: கம்மாலையிற் பிறந்த வான்துவக்கு

1942ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆந் தேதி திருகோணமலை தாக்குண்டது. இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்தும், சீனக்குடாவிலிருந்தும் எழுந்து அவற்றை எதிர்த்தவை பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள். அவற்றின் இறகுகளினுள்ளே வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்த இயந்திரத் துப்பாக்கிகள் யாவும் ஒரு மனிதரின் பெயரைத் தாங்கியவை. அவரோ அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக முன்னரே மறைந்துவிட்டார். வானேறிப் போர் செய்தவருமல்லர். துவக்குச் செய்யுங் கொல்லர் ஒருவரின் மகனாவார். பழைய போர்விமானத் துப்பாக்கிகளைத் தேடித் தொகுப்போர் முதலிற் கற்கவேண்டியது இவர் வரலாற்றையே.

ஜோன் மோசஸ் பிறவுணிங் 1855ஆம் ஆண்டு சனவரி 23ஆந் தேதி ஐக்கிய அமெரிக்காவில், யூட்டாவைச் சேர்ந்த ஒக்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜொனதனுக்கு மனைவியர் மூவர், மக்கள் இருபத்திருவர். அத்துணைப் பெரிய குடும்பத்தைக் காத்தது ஒரு சிறு கம்மாலை. அங்கே கழிவாய்க் கிடந்த இரும்பிலிருந்து தமது பதின்மூன்று வயதளவில் ஒரு துவக்கை ஆக்கினார் சிறுவர் ஜோன். முறையான பள்ளிப்படிப்பு மிகச் சிறிதே. வரைபடத்தை விரித்து வைத்து வேலை தொடங்கும் வழக்கமும் அவருக்கில்லை. எண்ணியதை மனத்திலேயே முழுமையாகக் கண்டு, பின் இரும்பிலே அராவி எடுப்பார். தச்சுத் தொழிலிலும் கொல்லுத் தொழிலிலும் நம் ஊர் முதியவர்களிடம் இத்திறனைக் கண்டோர் இதனை நம்புவர்.

1879இல் முதற் காப்புரிமை பெற்றார். வின்செஸ்டர் நிறுவனம் 1883இல் அவ்வுரிமையை 8,000 டொலருக்கு வாங்கிற்று. அதன்பின் பத்தொன்பது ஆண்டுகள் அவர் செய்தவற்றையெல்லாம் அந்நிறுவனமே வாங்கியது; வாங்கியவற்றுட் பலவற்றை, பிறர் கைப்படாதிருத்தலே போதுமென்று, உற்பத்தி செய்யாமலே பூட்டி வைத்தது.

அவர் வாழ்வின் திருப்பம் 1889இல் நேர்ந்தது. துவக்கு வெடிக்கையில் குழல்வாயினின்று பாயும் புகைக்காற்று அருகில் நின்ற புற்பூண்டுகளைச் சாய்ப்பதை அவர் கண்டார். எத்தனையோ பேர் கண்ட காட்சிதான். வீணே போகும் அவ்விசையைக்கொண்டு அடுத்த ரவையை ஏற்றுவித்தால் என்னவென்று எண்ணியதே அவர் பெருமை. 1884இல் ஹைரம் மக்சிம் என்பார் பின்னுதைப்பு விசையால் இயங்கும் துப்பாக்கியை முன்னரே ஆக்கியிருந்தார். பிறவுணிங் காற்றின் விசையைப் பிடித்தார். அவ்வழியில் வந்த 1895ஆம் ஆண்டுக் கோல்ட் இயந்திரத் துப்பாக்கியின் அடியில் ஒரு நெம்புகோல் கீழ்நோக்கி வீசி ஆடும். தாழ வைத்துச் சுட்டால் நிலத்தைக் கிளறும். ஆதலின் போர்வீரர் அதற்கு உருளைக்கிழங்கு கிண்டி என்று பட்டப்பெயர் இட்டனர். அதே துப்பாக்கியைத் திருத்தி, ஆடுங்கோலை நீக்கி நேராய் ஓடும் உந்துதண்டைப் பொருத்தி, மார்லின் நிறுவனத்தார் முதலாம் உலகப்போரில் விமானத்தில் ஏற்றினர்.

1902இல் வின்செஸ்டரோடு பிணக்கு உண்டாயிற்று. தாமாகவே ரவையேற்றும் வேட்டைத்துவக்கு ஒன்றை ஆக்கி, விலைக்குப் பதிலாக விற்பனையிற் பங்கு கேட்டார்; நிறுவனம் மறுத்தது. ரெமிங்டன் நிறுவனத் தலைவரைக் காணச் சென்று வரவேற்பறையிற் காத்திருந்தார்; அத்தலைவர் அன்றே மாரடைப்பால் இறந்தார். பின்னர்க் கப்பலேறிப் பெல்ஜியத்திலுள்ள ஹெர்ஸ்டால் தொழிற்சாலையை அடைந்தார். அத்தொழிற்சாலை வார்த்த அவரது கைத்துப்பாக்கி ஒன்றே 1914இல் சரயேவோவில் ஒஸ்திரிய இளவரசரைக் கொன்றது. அதனைத் தொடர்ந்து மூண்டது உலகப்போர்.

இத்தகையவரின் வாழ்வை மாணவர் மலரில் எழுதலாமோ என்று ஐயுறுவார் உளர். குடாநாட்டில் வளர்ந்த என் வயதினர், வானிலிருந்து பொழியும் ரவையின் ஓசையை நூலிற் படித்து அறிந்தோமல்லோம். கூரையோட்டைத் துளைத்தது யாதென்று அறியாதிருத்தலினும் அறிந்திருத்தல் நன்று என்பது என் கருத்து.

1917 மேயில் அமெரிக்க அரசின் முன் அவர் காட்டிய புதிய இயந்திரத் துப்பாக்கி 20,000 ரவைகளைத் தடையின்றிச் சுட்டது. மேலும் 20,000 சுட்டது. பார்த்தோர் சிலர் அஃது தனிப்பட ஒப்பனை செய்த துப்பாக்கியோவென ஐயுற, இரண்டாவது ஒன்றைக் கொணர்ந்து 48 நிமிடம் 12 செக்கன் இடைவிடாது இயக்கினார். அரசு தந்த 750,000 டொலரைப் பேரம் பேசாது ஏற்றார். பங்கு முறையிற் பெற்றிருந்தால் அது பன்மடங்காயிருக்கும்.

1926 நவம்பர் 26ஆந் தேதி, ஹெர்ஸ்டாலில் மகன் வாலின் வேலையறையில் இருக்கும்போது, இதயம் நின்று இறந்தார். அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன. பிரித்தானியர் 1930களின் நடுவில் அவர் துப்பாக்கியைத் தம் .303 ரவைக்கு இசைய மாற்றிக்கொண்டனர். சூடேறிய குழலிற் கோடைற்று மருந்து தானே வெடிக்குமாதலால், சுட்டு நிறுத்தியதும் பூட்டு பின்னே நிற்குமாறு திருத்தினர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,150 ரவை சுடும். விமானத்திலிருந்த ரவையோ கால் நிமிடத்திற் சற்றேறக்குறைய முடிந்துவிடும்.

இனி, இனங்காணும் முறை. ஒல்லியான துளையிட்ட குழலுறை, அதன் பின் நாற்கோணப் பெட்டி, பிடியுமில்லை, விசைவில்லுமில்லை எனின், அது பெரும்பாலும் இறகிற் பொருத்திய பிறவுணிங். விமானி தூரத்திலிருந்து பொத்தானை அழுத்துவதால் பிடி வேண்டியதில்லை. மேலே வட்டத் தட்டுப்போல் ரவைக்கூடு இருப்பின் அது லூயிஸ்; விமானத்துக்குரிய தட்டு 97 ரவை கொள்ளும். பெட்டியினுள் முழங்கால்போல் மடங்கும் பூட்டிருந்தால் அது மக்சிம் வழிவந்த விக்கர்ஸ் இனம். துளையைக் கண்டவுடன் பிறவுணிங் என்று முடிவு கட்டுவது புதியவர் வழக்கம். பெட்டியைத் திறந்து பூட்டைக் காணாமல் சொல்லலாகாது.

இதிலொரு வியப்புண்டு. கொழும்பின்மேல் வந்த யப்பானிய சீரோ விமானத்தின் மூக்கிலிருந்த 7.7 மில்லிமீற்றர்த் துப்பாக்கி விக்கர்ஸின் வழிப்பட்டது. குண்டுவிமானங்களிற் பின்புறத்தார் பிடித்திருந்தது லூயிஸின் வழிப்பட்டது. இவற்றின் ரவையும் பிரித்தானியரின் .303 ரவையும் அளவில் ஒன்றே. எனவே அன்று விழுந்த ஒரு வெற்றுக்கோதின் அளவைமட்டும் கொண்டு எத்திறத்தாரது என்று சொல்லவியலாது; அடியிலுள்ள முத்திரையைப் பார்க்கவேண்டும்.

பார்த்தல் என்றது அரும்பொருட்சாலையில் பார்த்தலையே. நம் நாட்டில் தனியார் இயந்திரத் துப்பாக்கியைத் தொகுத்தல் சட்டத்துக்கு அமையாது. நம் மண்ணிற் கிடப்பன பழையன அல்ல, உயிரைக் குடிப்பன. வயலிலோ கிணற்றிலோ ரவையைக் கண்ட மாணவர் தொடாது பெரியோர்க்கு அறிவித்தல் வேண்டும்.

போரின் பிற்பகுதியில் நம் பலாலி விமானத்தளத்திலிருந்து பறந்த நாலு இயந்திர லிபரேட்டர் விமானங்களும் பிறவுணிங்கின் துப்பாக்கிகளையே சுமந்தன. காங்கேசன்துறை என்பதே அத்தளத்துக்கு அரச விமானப்படையார் வழங்கிய பெயர். அவர் கையாலேயே அராவிய முன்மாதிரிகள் ஒக்டனின் பழைய புகையிரத நிலையத்திலுள்ள அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளன.