இயற்கையின் ஒழுங்கைத் தேடிய மாக்ஸ்வெல்

ஈர்ப்பு விசையையும் அணுவுலகின் குவாண்டம் விதிகளையும் ஒரே கோட்பாட்டில் இணைக்க இன்று அறிஞர் பலர் முயன்று வருகின்றனர். அதனால் நமக்குக் கிடைக்கும் பயன் யாது என்று மாணவர் வினவுவது நியாயமே. விடை தேடுமுன், மின்னையும் காந்தத்தையும் ஒளியையும் ஒன்றாகக் கண்ட பேரறிஞர் ஒருவரின் வாழ்வை நாம் அறிந்துகொள்வோம்.

ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1831 ஆம் ஆண்டு யூன் 13 ஆம் நாள் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். 8 வயதில் தாயை இழந்தார். நாட்டுப்புறத்தில் வளர்ந்த அவர் 10 வயதில் நகரப் பள்ளியிற் சேர்ந்தபோது, அவருடைய பேச்சு வழக்கையும் வீட்டிற் செய்த உடையையும் கண்டு சக மாணவர் எள்ளி நகையாடினர். பேதை என்று பொருள்படும் பட்டப்பெயரும் சூட்டினர். அவரோ தம் ஊர் வழக்கை வாழ்நாள் முழுதும் கைவிட்டாரல்லர். 14 வயதிலேயே முட்டை வடிவ வளைகோடுகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை எடின்பரோ அறிஞர் கழகத்தில் வாசிக்கப்பட்டது.

மின்னுக்கும் காந்தத்துக்கும் உள்ள உறவை மைக்கேல் பரடே சோதனைகளாற் காட்டியிருந்தார். மாக்ஸ்வெல் அதனைக் கணிதச் சமன்பாடுகளாக வடித்தார். அவை வெளியிற் பரவும் ஓர் அலையைச் சுட்டின. அவ்வலையின் வேகத்தைக் கணித்தபோது, அது ஒளியின் வேகமாகிய வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றரை மிக நெருங்கி நின்றது. ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்னும் முடிவை 1865 இல் வெளியான கட்டுரையில் விரிவாக எடுத்துரைத்தார்.

அவர் தேடியது இயற்கையின் ஒழுங்கை, கருவியை அன்று. தாயைக் கொண்டுசென்ற அதே வகைப் புற்றுநோயால் 1879 இல், 48 வயதில் மறைந்தார். 1887, 1888 ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியில் ஹேர்ட்ஸ் அவ்வலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கினார். அவரும் அவற்றில் நடைமுறைப் பயன் எதனையும் காணவில்லை. ஆயினும் 1901 இல் மார்க்கோனியின் கம்பியில்லாச் செய்தி அத்திலாந்திக் கடலைக் கடந்தது. இன்று நாம் கைத்தொலைபேசியில் உறவினரோடு உரையாடுவதும் அவ்வலைகளாலேயே.

குவாண்டம் ஈர்ப்பும் அவ்வாறு பயன் தருமா? ஹேர்ட்ஸின் அலைகள் ஓர் அறைக்குள் அடங்கின. குவாண்டம் ஈர்ப்பின் விளைவுகளோ அணுக்கருவினும் கோடானுகோடி மடங்கு சிறிய அளவில் வெளிப்படும் எனக் கருதப்படுகின்றது. இன்றைய துகள் முடுக்கிகளுக்கு அவ்வளவு எட்டாதது. ஆகவே கருவி வரும் என உறுதி கூறுதல் தகாது. வாராது என மறுத்தலும், மாக்ஸ்வெல்லின் வரலாறு அறிந்தோர்க்குத் தகாது.

பெற்றோராகிய நாம், பிள்ளைகள் ஏன் எனக் கேட்கும்பொழுது, அதனால் என்ன பயன் என்று கேட்டு அவ்வினாவை அணைத்துவிடாதிருப்போமாக. பயன் பிந்தி வரலாம். வினா முந்தி வரவேண்டும்.