குரலால் வந்த கேடு

மனிதர் வாழ்க்கை நமக்கு இரு வகையில் பாடம் புகட்டுகிறது. சான்றோர் வாழ்வு நாம் நடக்க வேண்டிய பாதையைக் காட்டும். வழி தவறியோர் வாழ்வு நாம் விலக வேண்டிய பள்ளத்தைக் காட்டும். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பால் நாடெங்கும் பேசப்பட்ட ஒருவரின் வாழ்வை இங்கே காண்போம். அவர்தாம் ருஸ்தம் சோராப் நாகர்வாலா.

பார்சி சமூகத்தைச் சேர்ந்த நாகர்வாலா, இந்திய இராணுவத்தில் கேப்டனாகப் பணியாற்றியவர். ஒழுங்கும் கட்டுப்பாடும் பயின்ற அவருடைய பெயர் ஒரே நாளில் வேறு விதமாக ஊரெங்கும் பரவியது.

1971-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நேரம். டெல்லி பாராளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கியில் தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவின் தொலைபேசி ஒலித்தது. முதலில் பிரதமரின் செயலாளர் ஹக்சர் பேசுவதாக ஒரு குரல். அடுத்துப் பிரதமர் இந்திரா காந்தியின் குரல்! வங்காள தேசம் தொடர்பான இரகசியப் பணிக்காக 60 இலட்சம் ரூபாயை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே கட்டளை.

காசாளர் தயங்கவில்லை. பணத்தைப் பெட்டியில் அடுக்கி வங்கிக் காரிலேயே எடுத்துச் சென்றார். அடையாளச் சொல்லைக் கூறிய மனிதரிடம் கொடுத்தார். பின்பு அதற்கான ரசீதைக் கேட்கச் சென்றபோதுதான், பிரதமர் அலுவலகத்திலிருந்து அப்படியோர் அழைப்பே செல்லவில்லை என்று அறிந்தார். அந்தோ! அவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

காவல்துறை விரைந்து செயற்பட்டது. அன்றைக்கே நாகர்வாலா பிடிபட்டார். பணத்தில் பெரும்பகுதியும் மீண்டது. குரலை மாற்றிப் பேசியது தாமே என்று அவர் ஒப்புக்கொண்டார். மூன்றே நாளில், மே 27 அன்று, நான்கு ஆண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். பின்னர் அவர் மறுவிசாரணை வேண்டினார். வழக்கைத் துப்புத் துலக்கிய அதிகாரி கஷ்யப் அதே ஆண்டு நவம்பரில் சாலை விபத்தில் மாண்டார். 1972 மார்ச்சில், தண்டனைக் காலம் முடியுமுன்பே, நாகர்வாலாவும் மாரடைப்பால் இறந்தார். நம்பி ஏமாந்த காசாளரோ வேலையை இழந்தார். 1977-இல் ஜகன்மோகன் ரெட்டி விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. அதன் பின்னும் மக்கள் மனத்தில் எழுந்த ஐயங்கள் முற்றும் தீரவில்லை.

டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. இன்றோ, கம்பைநல்லூரில் வயலுக்குச் செல்லும் தந்தையின் சட்டைப் பையிலும் கைப்பேசி ஒலிக்கிறது. நெருங்கிய உறவினரின் குரலையே கணினியால் போலியாக உருவாக்கிப் பணம் பறிப்போர் பெருகிவிட்டனர். காவல் அதிகாரி போல் பேசி மிரட்டுவோரும் உளர். காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது இக்காலத்திற்கே சொன்னது போலன்றோ உள்ளது!

ஆகவே, யார் பேசினாலும் பதறாமல் அழைப்பைத் துண்டிப்போம். நமக்குத் தெரிந்த எண்ணில் உரியவரை நாமே அழைத்துக் கேட்போம். இரகசிய எண்களை எவருக்கும் சொல்லாதிருப்போம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் பெற்றோரிடம் கூறி, உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்வோம்.

இன்னொன்றும் உண்டு. விளையாட்டுக்காகக் குரலை மாற்றிப் பிறரை அலைக்கழிப்பதும், 108-க்குப் பொய் அழைப்பு விடுப்பதும் நமக்குத் தகாது. நாம் சிரிக்கும் அந்த ஒரு நிமிடத்தில் எங்கோ ஓர் உயிர் உதவிக்குக் காத்திருக்கலாம். பிறர் குரலைத் திருடுவதில் திறமை இருக்கலாம், பெருமை இல்லை. நம் குரல் என்றும் உண்மையின் குரலாகவே ஒலிக்கட்டும்!