கைக்குள் பேசிய ஆசிரியை

1887ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் நாள். அமெரிக்காவின் தென்பகுதியில், அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த டஸ்கம்பியா என்னும் சிற்றூருக்கு இளம்பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். இருபத்தொரு வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தன. நெடும்பயணத்தால் களைத்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. அவர் பெயர் ஆனி சல்லிவன். பார்வையும் செவியும் இழந்த ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கல்வி கற்பிக்க அவர் அழைக்கப்பட்டிருந்தார்.

ஆனியின் இளமை துயரம் மிகுந்தது. 1866இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதளவில் கண்நோய் கண்டு பார்வை மங்கியது. எட்டு வயதில் தாய் காசநோயால் இறந்தார். தந்தை பிள்ளைகளைக் கைவிட்டார். 1876இல் ஆனியும் தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்னும் ஊரில் இருந்த அரசு ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். இடுப்பில் நோயுற்றிருந்த ஜிம்மி சில மாதங்களிலேயே இறந்துபோனான். அவ்விடுதியில் நான்கு ஆண்டுகள் கழிந்தன. விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் வந்த நாளில், அவர்கள் முன் சென்று தமக்குப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆனி உரக்கக் கெஞ்சினார். கேட்டது கிடைத்தது. 1880இல் பாஸ்டன் நகரில் இருந்த பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினான்கு; தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆறே ஆண்டுகளில் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறி வெளிவந்தார். இடையில் செய்த அறுவைச் சிகிச்சைகளால் ஓரளவு பார்வையும் திரும்பியது.

அப்பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் மூத்த பெண்மணி வாழ்ந்துவந்தார். இரண்டு வயதில் நோயுற்றுப் பார்வையும் செவியும் இழந்தவர் அவர். அவரோடு பேச வேண்டுமானால் விரல் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். விரல் எழுத்து வேறு, சைகை மொழி வேறு. சைகை மொழியில் ஓர் அசைவு ஒரு முழுப்பொருளையே உணர்த்தும். விரல் எழுத்திலோ ஒவ்வோர் எழுத்துக்கும் விரல்களின் நிலை ஒன்று உண்டு. பார்வையற்றவரின் உள்ளங்கையில் அவ்வெழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துச் சொல்லை உருவாக்குவர். ஆனி லாராவோடு பேசுவதற்காகவே இதைப் பழகினார். பின்னாளில் தம் வாழ்க்கைக்கே இது வழியாகும் என்று அப்போது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டஸ்கம்பியாவில் அவர் சந்தித்த சிறுமி ஹெலன் கெல்லர். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சலால் இரு புலன்களையும் இழந்தவள். ஆனால் அவள் மொழியே இல்லாத குழந்தை என்று எண்ணிவிடுதல் தவறு. அவளே சைகைகள் பல வைத்திருந்தாள். ரொட்டி வேண்டுமானால் அதை வெட்டி வெண்ணெய் தடவுவதுபோல் கையை அசைப்பாள். பனிக்கூழ் வேண்டுமானால் அதைச் செய்யும் கருவியைச் சுழற்றுவதுபோல் காட்டி உடலை நடுக்குவாள். தந்தையைக் குறிக்க மூக்குக்கண்ணாடி அணிவதுபோல் செய்வாள்; தாயைக் குறிக்கக் கன்னத்தில் கை வைப்பாள். வீட்டார் இவற்றைப் புரிந்துகொண்டனர். ஆயினும் வேண்டியதைக் கேட்க உதவிய அந்தச் சைகைகள், நினைத்ததைச் சொல்லப் போதவில்லை. புரிந்துகொள்ளப்படாதபோதெல்லாம் அவளுக்குச் சினம் பொங்கியது. இரக்கத்தால் பெற்றோரும் அவளைக் கண்டிக்கவில்லை.

முதல் நாள்களில் ஆசிரியைக்கும் மாணவிக்கும் இடையே போராட்டமே நடந்தது. ஹெலன் ஆனியை அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை ஒளித்தாள். தந்தை ஏணி வைத்து அவரைச் சன்னல் வழியே இறக்கினார். மற்றொரு நாள் அவள் ஓங்கி அடித்ததில் ஆனியின் முன்பல் ஒன்று உடைந்தது. உணவு மேசையில் எல்லார் தட்டிலும் கைவிட்டு உண்ணும் வழக்கத்தை ஆனி ஏற்கவில்லை. பெற்றோரின் கண்முன் எதையும் திருத்த இயலாது என உணர்ந்து, தோட்டத்தில் இருந்த சிறுவீட்டில் அவளோடு இரண்டு வாரம் தனித்துத் தங்கினார். பெற்றோர் நாள்தோறும் வந்து, மகள் அறியாதபடி சன்னல் வழியே பார்த்துச் சென்றனர். அவர்களுக்கும் அது எளிதாக இருந்திராது.

பொம்மையைக் கொடுத்துக் கையில் பொம்மை என்று எழுத்துக்கூட்டுவார் ஆனி. ஹெலனும் விளையாட்டைப்போல் அவ்வெழுத்துகளைத் திருப்பிக் காட்டுவாள். வீட்டு நாயின் பாதத்தைப் பிடித்து அதற்கும் எழுத்துக் கற்பிக்க முயன்றாள். ஆனால் அவ்வெழுத்துகள் ஒரு பொருளின் பெயர் என்று அவளுக்குத் தெரியாது. குவளை, நீர் என்னும் இரு சொற்களையும் ஓயாமல் குழப்பிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் 5ஆம் நாள் ஆனி அவளைக் கிணற்றடி இறைகுழாய்க்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் குளிர்ந்த நீர் கொட்டியது. மறுகையில் நீர் என்னும் சொல் எழுந்தது. சிறுமி அசையாமல் நின்றாள். முகத்தில் புதிய ஒளி தோன்றியது. உடனே தரையைத் தொட்டு அதன் பெயரைக் கேட்டாள்; பிறகு ஆனியின் பெயரைக் கேட்டாள். ஆசிரியை என்னும் சொல்லை ஆனி அவள் கையில் எழுதினார். அவ்வேளை பணிப்பெண் தங்கைக் குழந்தை மில்ட்ரெட்டைத் தூக்கிவர, ஹெலன் தன் விரல்களால் குழந்தை என்று எழுத்துக்கூட்டினாள். சில மணி நேரத்தில் ஏறத்தாழ முப்பது சொற்கள் அவளுடையவை ஆயின.

இந்நிகழ்ச்சியை உலகம் அறியும். இதற்கு ஐந்து நாள் கழித்து ஆனி எடுத்த முடிவை அறிந்தவர் சிலரே. ஆசிரியை என்ற முறையில் அவருடைய பெருமையெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஹெலனின் உறவினர் வீட்டில் பதினைந்து மாதப் பெண்குழந்தை ஒன்று இருந்தது. ஆனி அதனைக் கூர்ந்து கவனித்தார். மூக்கு எங்கே, காது எங்கே என்றால் அது தொட்டுக் காட்டியது. பூவைக் கொடுத்து அம்மாவிடம் தரச்சொன்னால் கொண்டுபோய்க் கொடுத்தது. கதவைச் சாத்தச் சொன்னால் சாத்தியது. ஆனால் இச்சொற்களுள் ஒன்றையேனும் அது வாய்திறந்து சொன்னதில்லை. யாரும் அதற்குப் பாடவேளை வகுக்கவில்லை. நாளைக்கு இத்தனை சொல் என்று கணக்கும் வைக்கவில்லை. தன்னைச் சுற்றி எல்லாரும் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டிருக்க, அக்குழந்தை கேட்டுக் கேட்டே பொருளுணர்ந்தது. புரிதல் முதலில் வருகிறது, பேச்சு நெடுநாள் கழித்தே வருகிறது என்பதை ஆனி கண்டார்.

அன்றே அவர் குறித்த நேரப் பாடங்களைக் கைவிட்டார். குழந்தையின் காதில் பிறர் பேசுவதுபோல் ஹெலனின் கையில் பேசுவது என்று உறுதிகொண்டார். தனிச்சொற்களாக அன்றி முழு வாக்கியங்களாகவே எழுதினார். பொருள் விளங்காத இடங்களில் ஹெலனின் பழைய சைகைகளையே துணைக்குச் சேர்த்துக்கொண்டார். அவற்றைத் தடைசெய்யாதது அவருடைய நுண்ணறிவைக் காட்டுகிறது. வயலில் நடக்கும்போதும், கோழிக்குஞ்சு முட்டையை உடைத்து வெளிவரும்போதும் கையில் பேச்சு ஓயவில்லை. அம்மாத இறுதிக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களின் பொருள் ஹெலனுக்குத் தெரிந்திருந்தது. அரியதொன்றைச் செய்கிறோம் என்ற எண்ணமே இல்லாமல் அவள் கற்றாள். ஜூன் மாதத்தில் பென்சிலால் கடிதமும் எழுதினாள்.

பின்னர் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தபோது, பேராசிரியர்களின் சொற்பொழிவுகளை ஆனியே அருகிலிருந்து கையில் எழுதினார். பிரெயிலில் கிடைக்காத நூல்களையும் தம் மங்கிய கண்களால் படித்துச் சொன்னார். கண்களுக்கு அது பெருங்கேடு என்று தெரிந்தும் நிறுத்தவில்லை. 1904இல் ஹெலன் சிறப்புத் தகுதியுடன் பட்டம் பெற்றார். அதற்குத் துணைநின்ற ஆனிக்குப் பட்டம் ஏதும் இல்லை. 1905இல் ஜான் மேசி என்னும் எழுத்தாளரை ஆனி மணந்தார். அம்மணவாழ்வு நிலைக்கவில்லை. வயது ஏற ஏற ஆனியின் பார்வை மீண்டும் மங்கி, இறுதியில் அறவே மறைந்தது.

1936ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் நியூயார்க் நகரில் ஆனி சல்லிவன் காலமானார். அப்போது ஹெலன் அவருடைய கையைப் பற்றியிருந்தார். ஆனியின் அஸ்தி வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஹெலனின் அஸ்தியும் அங்கேயே, ஆசிரியைக்கு அருகில் வைக்கப்பட்டது.