கொசுவுக்குக் கணக்குப் போட்ட டாக்டர்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் ஊர் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை அங்கே நடந்ததை அது சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனிப்போர் எல்லோரையும் பற்றிய விவரம் அதில் உண்டு. இருப்பில் வைத்த மருந்துகளின் பெயர்களும் உண்டு.

நோய்க்கு மருந்து தேடுவது அவ்வளவு பழைய வேலை. ஆனால், குளிரும் நடுக்கமுமாக வரும் மலேரியாக் காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்பது மட்டும் 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. சதுப்பு நிலத்துக் காற்றால் வருகிறது என்றே பலர் நம்பினர். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள்! அந்தப் புதிரை அவிழ்த்தவர் ரொனால்டு ராஸ்.

ராஸ் 1857 மே 13 அன்று இமயமலை அடுக்கில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய இந்தியப் படையில் அதிகாரி. பிள்ளைகள் பத்துப் பேரில் ராஸ்தான் மூத்தவர். எட்டு வயதில் இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பினார்கள். கவிதையிலும் ஓவியத்திலும்தான் அவருக்கு ஆசை. தந்தையின் விருப்பத்துக்காக மருத்துவம் படித்தார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். ஓய்வு நேரத்தில் கணிதத்தைத் தானே படித்தார். இந்தக் கணக்கு ஆசை பின்னால் பெரிய உதவி செய்தது!

1883இல் பெங்களூரில் அவர் குடியிருந்த வீட்டில் கொசுத் தொல்லை தாங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார். கொசுக்கள் குறைந்துவிட்டன. அப்போதே அது அவர் மனதில் பதிந்தது.

1894இல் லண்டனில் பேட்ரிக் மான்சன் என்ற மருத்துவரைச் சந்தித்தார். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று மான்சன் கருதினார். அதை நிரூபிக்க ராஸ் இந்தியா திரும்பினார். 1897இல் விடுமுறையில் ஊட்டிக்குப் போனவர், அருகிலுள்ள சீகூர் மலைச்சரிவில் ஆராயச் சென்றார். அங்கே அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது! ஆனாலும் ராஸ் விடவில்லை. செகந்திராபாத் திரும்பி, நூற்றுக்கணக்கான கொசுக்களை நுண்ணோக்கியில் அறுத்துப் பார்த்தார். உசேன் கான் என்ற நோயாளியைக் கடித்த கொசுவுக்கு ஓர் அணா வீதம் அவருக்குக் கொடுத்தார். 1897 ஆகஸ்ட் 20 அன்று, அனாபிலிஸ் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். அந்த நாளைத்தான் இன்று உலகக் கொசு தினம் என்கிறோம். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து ஆராய்ந்து, கொசுக் கடியால் மலேரியா பரவுவதைக் காட்டினார். 1902இல் நோபல் பரிசு கிடைத்தது.

கதை இதோடு முடியவில்லை. கொசுவை ஒழித்தால் மலேரியா ஒழியும் என்றார் ராஸ். லாகூர் அருகே மியான்மீர் படை முகாமில் அதைச் செய்து பார்த்த மருத்துவர்களோ, பெரிய பலன் இல்லை என்றார்கள். ஓர் இடத்தில் அழித்தால் பக்கத்திலிருந்து வேறு கொசுக்கள் பறந்து வராதா? உலகத்துக் கொசுக்களை எல்லாம் கொல்ல முடியுமா? கேள்விகள் நியாயமானவைதான். வேலையைக் கைவிட்டால் லட்சக்கணக்கான உயிர்கள் போகும். கொசுவின் பின்னால் ஓடிப் பார்க்கவும் முடியாது. ராஸ் தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

அதை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு நீண்ட கோட்டில் வரிசையாகக் கட்டங்கள் போடுங்கள். நடுக் கட்டம், கொசு பிறந்த குட்டை. ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் கொசு வலப்பக்கம் ஒரு கட்டம் போகும். தலை விழுந்தால் இடப்பக்கம் ஒரு கட்டம். பத்து முறை சுண்டிய பிறகு கொசு எங்கே நிற்கிறது?

பூவும் தலையும் 1,024 விதமாக மாறி மாறி விழலாம். அவற்றில் 252 விதங்களில் கொசு பிறந்த கட்டத்துக்கே திரும்பிவிடும். 672 விதங்களில் இரண்டு கட்டத் தொலைவுக்குள்ளேயே நிற்கும். பத்தாவது கட்டத்தைத் தொடுவது வெறும் 2 விதங்களில்தான்! மனம்போன போக்கில் பறக்கும் கொசு பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியேதான் இருக்கும். ஆகவே ஊரைச் சுற்றிப் போதிய தூரத்துக்குத் தேங்கிய நீரை அகற்றினால் நடுவில் கொசு குறையும். இதை 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராஸ் விளக்கினார். எல்லாத் திசையிலும் பறந்தால் என்ன ஆகும் என்ற கடினமான கணக்குக்குக் கார்ல் பியர்சன் என்ற கணித அறிஞரின் உதவியை நாடினார்.

பின்பு மொரீஷியஸ் தீவில் மலேரியாவை ஆராய்ந்த ராஸ், இன்னொன்றையும் கணக்கிட்டார். ஒரு நோயாளியிடமிருந்து இரண்டு பேருக்கு நோய் பரவுவதாக வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று பெருகும். கொசுக்களைக் கால் பங்காகக் குறைத்தால்? 100 பேரிடமிருந்து 50 பேருக்கு, 50 பேரிடமிருந்து 25 பேருக்கு என்று நோய் தானே தேய்ந்துபோகும். கடைசிக் கொசு வரை கொல்ல வேண்டியதில்லை. ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தால் போதும்! 1911இல் வெளியான நூலில் இந்தக் கணக்கை விரிவாக எழுதினார். 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் காலமானார்.

இன்று நாணயத்தின் வேலையைக் கணினி செய்கிறது. திரையில் ஆயிரக்கணக்கான கொசுக்களையும் மனிதர்களையும் உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எளிய விதியைக் கொடுத்து நடமாட விடுகிறார்கள். இதை முகவர் சார்ந்த மாதிரி என்பார்கள். விதிப்படி நடக்கும் ஒவ்வொரு கொசுவும் மனிதரும் ஒரு முகவர். 2020இல் கொரோனா எப்படிப் பரவும் என்று கணிக்கவும் இத்தகைய மாதிரிகள் பயன்பட்டன. விதி தவறானால் விடையும் தவறாகிவிடும். அதனால்தான் கணக்கோடு நிறுத்தாமல், ராஸ் செய்ததுபோல் நேரிலும் போய்ப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் 30 பேர் இருக்கிறீர்களா? ஆளுக்கு ஒரு நாணயம் எடுத்துப் பத்து முறை சுண்டுங்கள். எத்தனை கொசுக்கள் குட்டை அருகிலேயே நிற்கின்றன என்று கரும்பலகையில் எழுதுங்கள். பிறகு உங்கள் வீட்டில் மூடாத தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே மூடிவிடுங்கள், சரியா?