தாமல் தந்த முதலெழுத்து: டி.கே. பட்டம்மாள்

காஞ்சிபுரத்திற்கு மேற்கே, வேலூர் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, பேரேரி ஒன்றின் கரையில் அமைந்த ஊர் தாமல். தொண்டை மண்டலத்தின் பழைய கோட்டங்களுள் ஒன்று இவ்வூர்ப் பெயரால் தாமற்கோட்டம் என்றே வழங்கியது. வராகீசுவரர் கோயிலும் தாமோதரப் பெருமாள் கோயிலும் இங்குள்ளன. இசையுலகில் இவ்வூர் ஓர் எழுத்தாக மட்டுமே நிலைத்தது. தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகள் பட்டம்மாள், ஆங்கில முறைப்படி டி.கே. பட்டம்மாள் ஆனார். அந்த ‘டி’ ஓர் ஊரென்று அறியாமலே அவர் பாட்டைக் கேட்டுத் தலையசைத்தவர்கள் எத்தனையோ பேர்.

அவர் 1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் காஞ்சிபுரத்தில் பிறந்தார். இட்ட பெயர் அலமேலு. வீட்டார் அழைத்த செல்லப் பெயர் பட்டா. தந்தையார் இசைப்பித்து மிக்கவர். விடியற்காலையில் மகளை எழுப்பித் தம்முடன் துதிப்பாடல்களைப் பாடச் செய்வார். தாயார் காந்திமதி நல்ல குரலும் இசை ஞானமும் வாய்க்கப் பெற்றவர். எனினும் ஆசாரம் மிக்க அக்குடும்பத்தில் பெண்கள் பிறர் முன் பாடுதல் கூடாது. மேடை கிடக்கட்டும், உறவினர் கூடும் இடத்தில்கூட அவ்வம்மையார் வாய்விட்டுப் பாட இயலவில்லை. பட்டம்மாளின் வாழ்க்கையை எழுதப் புகுவோர் விருதுகளிலிருந்து தொடங்குவதுண்டு. தாயின் தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போன அந்தப் பாட்டிலிருந்து தொடங்குவதே முறை.

பட்டம்மாள் குருகுலத்தில் தங்கிப் பயின்றவர் அல்லர். அவருடைய முதற் பள்ளி, கேட்டல். அந்நாளில் காஞ்சியில் நயினாப் பிள்ளை ஆண்டுதோறும் தியாகராசர் விழாவை நடத்தி வந்தார். வயலின், மிருதங்கம் மட்டுமின்றிக் கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனப் பக்கவாத்தியங்கள் பல சூழ அமர்ந்து, தாளக் கணக்கில் அவற்றை எதிர்கொண்டு பாடிய பெருவித்துவான் அவர். தந்தையின் கைப்பிடித்து அக்கச்சேரிகளுக்குச் சென்ற சிறுமி, கேட்டவற்றை மனத்தில் ஏற்றிவந்து, உடன்பிறந்தார் துணையுடன் சுரப்படுத்தி எழுதிக்கொள்வாள். சின்னஞ்சிறு வயதில் காஞ்சியில் நடந்த போட்டியொன்றில் பைரவி இராகக் கிருதியைப் பாடி முதற்பரிசும் பெற்றாள்.

பள்ளி நாடகத்தில் நடித்துப் பாடியபோது ஊரார் கவனம் அவள்மேல் விழுந்தது. இசைத்தட்டு நிறுவனத்தாரும் நாடி வந்தனர். வீட்டில் எழுந்தது மகிழ்ச்சியன்று, கலக்கம். பெயரும் படமும் வெளியில் உலவினால் இப்பெண்ணை மணக்க யார் முன்வருவர்? தலைமையாசிரியை அம்முக்குட்டி அம்மாளைப் போன்றோர் எடுத்துச் சொன்ன பின்னரே தந்தை இசைந்தார். சென்னை மாநகராட்சி வானொலியிலும், 1932இல் ரசிக ரஞ்சனி சபையிலும் அவர் குரல் ஒலித்தது. பின்னர்க் குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது.

மேடையேறிக் கச்சேரி செய்த முதற் பெண் இவரே என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது. இசையையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களின் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தனர். காஞ்சிபுரம் தனகோடி அம்மாளின் பாட்டுக்கு அந்நாளில் பெரும்புகழ் இருந்தது. நயினாப் பிள்ளையே அவ்வம்மையாரின் குடும்பத்தில் வளர்ந்தவர்தாம். பிராமணக் குடும்பத்திலிருந்து பொதுமேடைக்கு வந்த முன்னோடி பட்டம்மாள் என்பதே சரியான கூற்று. பெண்களைப் பாடவிடாத வீட்டில் பிறந்த சிறுமி, பெண்கள் பாடி வாழ்ந்த வீட்டின் இசையைக் கேட்டு வளர்ந்தாள் என்பதை மறந்துவிடலாகாது.

அவர் தாண்டிய இன்னொரு வேலி பல்லவி. பெண்கள் கீர்த்தனைகள் பாடலாம், உருக்கமாக விருத்தமும் பாடலாம். இராகம் தானம் பல்லவி மட்டும் ஆண்களின் களம் என்ற எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. பல்லவியில் சொற்கள் ஒரு வரிதான். அவ்வரியை இன்ன அட்சரத்தில் எடுத்து இன்ன இடத்தில் அறுதியாக்க வேண்டும் என்ற கட்டு உண்டு. தாளம் கையில் மாறாதிருக்க, வரியை இருமடங்கு விரைவிலும் பாதி விரைவிலும் பாடி, நிரவல் செய்து, சுரம் கோத்து, தொடங்கிய இடத்திற்கே பிசகின்றி மீள வேண்டும். யாப்பின் தளை அறிந்த கவிஞர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை. வித்தியால நரசிம்மலு நாயுடு, அப்பாதுரை ஆசாரி ஆகியோரிடம் இந்நுட்பங்களைக் கற்றுத் தேர்ந்து, கடினமான தாளங்களில் அமைந்த பல்லவிகளைப் பட்டம்மாள் அவையில் பாடினார். பல்லவி பட்டம்மாள் என்ற பெயர் அவ்வாறு வந்தது. கணக்குக்காக இராகத்தின் அழகை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. சற்றே கனத்த, ஆழ்ந்த அக்குரல் அவசரம் அறியாதது. பெண்களுக்குப் பக்கம் வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர் பிற்காலத்தில் அவருக்கு மிருதங்கம் வாசிக்க இசைந்தார். பின்னர் இரு குடும்பங்களும் சம்பந்திகளாயின.

முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளை அம்பி தீட்சிதரிடமும், நீதியரசர் டி.எல். வெங்கடராம ஐயரிடமும் பாடம் கேட்டார். இன்று அக்கிருதிகள் பல மேடைகளில் பரவலாக ஒலிப்பதில் பட்டம்மாளுக்குப் பெரும்பங்கு உண்டு.

தமிழுக்கு அவர் செய்தது தனியே சொல்லத்தக்கது. பாபநாசம் சிவனிடம் நேரே கற்று அவர் பாடல்களைப் பரப்பினார். 1939இல் வெளிவந்த, கல்கியின் கதையைக் கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி படத்தில் நாட்டுத்தொண்டுக்கு அழைக்கும் பாடலைப் பாடினார். அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்தது. திரைப்படத்தில் காதற்பாடல் பாடுவதில்லை, தெய்வப்பாடலும் தேசப்பாடலுமே பாடுவது என்பது அவர் வகுத்துக்கொண்ட வரம்பு. பொருளிழப்பை அறிந்தே அதனைக் காத்தார். 1947 சனவரியில் வெளியான நாம் இருவர் படத்தில், சிறுமி கமலாவின் ஆடலுக்குப் பின்னணியாக, விடுதலை வந்துவிட்டதெனக் களிக்கும் பாரதி பாடலை அவர் பாடினார். விடுதலை வருவதற்கு அப்போது இன்னும் ஏழு திங்கள் இருந்தது. பாரதியோ அது வருமுன்னரே, 1921இல் மறைந்தவர். வராத ஒன்றை வந்ததாகக் கண்டு எழுதிய கவிஞனின் துணிவு அக்குரலில் அப்படியே ஏறியிருந்தது. பாரதியின் எழுத்து நாட்டுடைமை ஆனது 1949இல்தான். அதற்கு முன்பே, எழுத்தறியாதாரும் அவன் பாட்டை முணுமுணுக்கச் செய்தவர்களுள் பட்டம்மாள் ஒருவர்.

வீட்டார் அஞ்சியது நிகழவில்லை. ஈசுவரனை மணந்து, கணவரின் துணையுடன் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடினார். தம்பி டி.கே. ஜயராமன் அவரிடமே கற்று, நெடுங்காலம் உடன் பாடித் தாமும் பெரும்பாடகராக விளங்கினார். தமக்கை 1970இலும் தம்பி 1990இலும் சங்கீத கலாநிதி ஆயினர். பத்மபூஷண் 1971இலும் பத்மவிபூஷண் 1998இலும் பட்டம்மாளை வந்தடைந்தன. ஜயராமன் 1991இல் மறைந்தது அவர் தாங்க நேர்ந்த பெருந்துயர்.

எண்பதை எட்டிய வயதில், 2000இல் வெளிவந்த ஹே ராம் படத்திற்காக இளையராஜா இசையில் காந்தியடிகளுக்கு உகந்த குஜராத்திப் பதத்தைப் பாடினார். தியாகபூமிக்கும் இதற்கும் இடையே அறுபத்தோர் ஆண்டுகள். குரலில் நடுக்கம் புகுந்திருந்தது, சுருதி விலகவில்லை. 2009 சூலை 16ஆம் நாள் சென்னையில் தமது தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். அவருடைய பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மேடை கண்டுவிட்டார். அந்தப் பேத்தியைப் பாட வேண்டாமென்று தடுக்க அவ்வீட்டில் எவரும் இல்லை.