மாண்டலின் ஸ்ரீநிவாஸ்: பலகை வாத்தியத்தில் பிறந்த கமகம்



ஆரோவில் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, பொம்மையார்பாளையத்தில் கிட்டார் கற்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் எலக்ட்ரிக் கிட்டார்தான். அதில் ராக் வாசிக்கலாம், சினிமாப் பாட்டு வாசிக்கலாம். ஜாஸோ கர்நாடக சங்கீதமோ வருமா என்று உங்களில் சிலர் யோசித்திருப்பீர்கள். அந்தச் சந்தேகத்தைத் தன் விரல்களாலேயே தீர்த்து வைத்த ஒருவரின் வாழ்க்கையை இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் அந்த வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். சாதாரண கிட்டார், வீணை, வயலின் எல்லாவற்றுக்கும் உள்ளே வெற்றிடம் உண்டு. தந்தியின் அதிர்வு மரப்பெட்டிக்குள் போய்ப் பெருகி வெளியே வரும். சாலிட் பாடி என்னும் வகையில் பெட்டி கிடையாது. ஒரே கட்டையான மரப்பலகைதான். தந்திக்குக் கீழே உள்ள பிக்கப், அதிர்வை மின்சாரமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். பெட்டிக்குள் போய்ச் செலவாகாததால் தந்தியின் நாதம் நீண்ட நேரம் நிற்கும். ஸ்பீக்கர் அருகே இருந்தாலும் எளிதில் ஊளையிடாது. ஆனால் ஓசையில் ஒரு கனம் குறைகிறது என்று ஜாஸ் கலைஞர்கள் பலர் இதை ஒதுக்கினார்கள். அமெரிக்க ஜாஸ் கிட்டாரிஸ்ட் லெஸ் பால் 1940களின் தொடக்கத்தில் ஒரு மரக்கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். அது பார்ப்பதற்குக் கிட்டார் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக, வேறொரு கிட்டாரை அறுத்து அதன் பாகங்களை இருபுறமும் ஒட்ட வேண்டியிருந்தது. காதுக்கு முன்னால் கண்ணைச் சமாதானப்படுத்த வேண்டிய நிலை!

அதே நிலை நம் ஊர் சபாக்களில் ஒரு சிறுவனுக்கு வந்தது.

உப்பலபு ஸ்ரீநிவாஸ் 1969 பிப்ரவரி 28 அன்று ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டம் பாலகொல்லுவில் பிறந்தார். தந்தை சத்யநாராயணா கிளாரினெட் கலைஞர். வீட்டில் ஒரு மாண்டலினும் இருந்தது. ஆறு வயதில் பையன் அதைத் தொட்டான். பிறகு விடவே இல்லை. திறமையைக் கண்ட தந்தை, தன் குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் மகனையும் சேர்த்துவிட்டார். சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர்.

இங்கேதான் முக்கியமான விஷயம். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடிக் காட்டுவார். சிறுவன் அதைக் கேட்டுத் தந்தியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எந்த விரலை எங்கே வைப்பது என்று சொல்லித்தர யாருமில்லை. ஆகவே அவர் கற்றது குரலின் வளைவும் குழைவும்தான். மற்றவர்கள் மாண்டலினில் நினைத்துப் பார்க்காத கமகங்கள் அவர் கையில் வந்ததற்கு இதுவே பெரிய காரணம்.

ஆனால் பாடத்துக்கு வாத்தியம் ஒத்துழைக்க வேண்டுமே? மேற்கத்திய மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுத் தந்திகள். ஒரு ஸ்வரத்தை இழுத்து அசைத்தால், ஜோடியில் இரண்டும் ஒரே அளவு நகராது, சுருதி கலங்கும். ஓசையும் சட்டென்று அடங்கிவிடும். ஸ்ரீநிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். ஜோடிகளை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்துக்கொண்டார். ஒற்றைத் தந்தி இழுத்த இழுப்புக்கு வந்தது. ஆம்ப்ளிஃபயர் அடங்கும் நாதத்தைத் தாங்கிப் பிடித்தது. மீட்டியபின் விரலை நகர்த்தி அடுத்த ஸ்வரத்துக்கு வழுக்கிப் போக நேரம் கிடைத்தது.

1978இல், ஒன்பது வயதில், குடிவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனையில் முதல் மேடை. 1981 டிசம்பர் சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியில் சென்னை அரங்கேற்றம். அப்போது அவருக்கு வயது 12. மாண்டலினைச் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் பார்த்துப் பழகிய ரசிகர்கள் நெற்றியைச் சுருக்கினார்கள். மின்சாரத்தில் ஓடும் வாத்தியத்துக்குச் சபா மேடையா என்ற கேள்வி எழுந்தது. அவர் வாதாடவில்லை, ராக ஆலாபனை, கிருதி, நிரவல், கல்பனாஸ்வரம் என்று கச்சேரி முறைப்படி வாசித்துக்கொண்டே போனார். அடுத்த சில ஆண்டுகளில் அவர் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு ஆனது. மாண்டலின் என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது.

1983இல் பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தபோது அவருக்கு 14 வயது. ஜாஸ் ரசிகர்களுக்குக் கர்நாடக ராகம் தெரியாது. ஆனால் மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். ஜாஸ் கலைஞர் ஒரு மெட்டை எடுத்து அந்த நொடியில் விரிப்பார். நம் வித்வான் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்வார். இலக்கணம் வேறு, துணிச்சல் ஒன்றுதான். அந்தப் பாலத்தில் அவர் பிறகு பலமுறை நடந்தார். 1995இல் கனடாவின் கிட்டாரிஸ்ட் மைக்கேல் புரூக்குடன் ‘டிரீம்’ என்ற ஆல்பம் வந்தது. பின்னர் ஜான் மெக்லாஃப்லினின் ‘ரிமெம்பர் சக்தி’ குழுவில் சேர்ந்தார். ஒரு பக்கம் மெக்லாஃப்லினின் எலக்ட்ரிக் கிட்டார், மறுபக்கம் இவருடைய எலக்ட்ரிக் மாண்டலின். தாளத்துக்கு ஜாகிர் ஹுசேனின் தபலாவும் செல்வகணேஷின் கஞ்சிராவும். ஒருவர் வாசித்த சொற்றொடரை மற்றவர் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் இடங்களில், எது ஜாஸ், எது கர்நாடகம் என்று பிரிக்க உங்களுக்கு நேரமே இருக்காது.

1998இல் பத்மஸ்ரீ, 2009க்கான சங்கீத நாடக அகாடமி விருது என்று கௌரவங்கள் வந்தன. தம்பி ராஜேஷ் உட்படப் பலருக்குக் கற்றுக்கொடுத்தார். மேடையில் அவரிடம் அலட்டல் இருக்காது, புன்னகைதான் இருக்கும். கல்லீரல் பாதிப்பால் 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயது 45 மட்டுமே. பத்தாண்டுகள் கடந்தும் டிசம்பர் சீசனில் அவர் பேச்சு வராமல் இருப்பதில்லை.

வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருக்கும் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. பிள்ளை ஜாஸ் வாசிக்க ஆசைப்பட்டால், இந்தக் கிட்டார் அதற்கு ஆகாது என்று உடனே வேறொன்று வாங்க ஓடாதீர்கள். வாசிக்க வேண்டியதை முதலில் வாயால் பாடச் சொல்லுங்கள். பிறகு தந்தியில் தேடட்டும். சுப்பராஜுவின் பாடமுறை இதுதான், செலவும் இல்லை. இன்னொரு வசதி: பெட்டி இல்லாத வாத்தியம் என்பதால் ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்ளிஃபயரில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் பக்கத்து ஃபிளாட்டுக்குப் பெரிதாகக் கேட்காது. இரவு 10 மணிக்கு மேல் பயிற்சி செய்பவர்கள் இதைக் கடைப்பிடித்தால் சங்கத்துக்கும் நிம்மதி.

‘ரிமெம்பர் சக்தி’யின் ‘தி பிலீவர்’, ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ இரண்டும் மேடையில் பதிவானவை. இந்த வாரக் கடைசியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்றையாவது கேளுங்கள்.