தேய்மானம் இரண்டு பவுண்டு
ஹென்றி ராய்ஸின் வாழ்க்கை

1907-ஆம் ஆண்டு. லண்டன் நகருக்கும் கிளாஸ்கோ நகருக்கும் இடையே ஒரு கார் போவதும் வருவதுமாக இருந்தது. பகலிலும் ஓடியது, இரவிலும் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. ஓட்டுகிறவர்கள் முறை வைத்து மாறினார்கள். கார் மாறவில்லை. 629-ஆவது மைலில், பெட்ரோல் வரும் குழாயின் அடைப்பான் அதிர்வினால் தானே மூடிக்கொண்டது. அதைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு 14,371 மைல் தூரத்திற்கு, கோளாறு என்று ஒரு முறை கூட அந்தக் கார் நிற்கவில்லை. மோட்டார் வண்டி நெடுந்தூரம் பழுதில்லாமல் ஓடினாலே பெரிது என்று எண்ணிய காலம் அது.

சோதனையை மேற்பார்வையிட்ட மோட்டார் கிளப்பார் அத்துடன் விடவில்லை. காரைப் பாகம் பாகமாகக் கழற்றி அளந்து பார்த்தார்கள். தேய்ந்தவற்றை மாற்றி மீண்டும் புதுக் காராக ஆக்க என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டார்கள். வந்த தொகை இரண்டு பவுண்டு, இரண்டு ஷில்லிங், ஏழு பென்ஸ். அன்றைய இந்திய நாணயத்தில் சுமார் 32 ரூபாய்!

அந்தக் காருக்கு 'சில்வர் கோஸ்ட்' என்று பெயர். வெள்ளி நிறம் பூசியது. ஆவியைப் போல ஓசையின்றிச் செல்வது. அதைப் படைத்தவர் ஹென்றி ராய்ஸ். இரும்பின் தேய்மானத்தை இவ்வளவு தூரம் குறைத்துக் காட்டிய அந்த மனிதர், தம் உடம்பின் தேய்மானத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பேப்பர் விற்ற சிறுவன்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே ஆல்வால்ட்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே மாவு ஆலை நடத்தியவரின் மகனாக 1863-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி ராய்ஸ் பிறந்தார். ஆலைத் தொழில் நொடித்தது. குடும்பம் பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போயிற்று. 1872-இல் தந்தை இறந்தார். அப்போது ராய்ஸுக்கு ஒன்பது வயது.

ரயில் நிலையத்தில் பேப்பர் விற்றான் சிறுவன். பிறகு தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த காலம் மிகக் குறைவு. 1878-இல் உறவினரான ஒரு பெண்மணி, ஆண்டுக்கு 20 பவுண்டு கட்டணம் செலுத்தி, பீட்டர்பரோ ரயில்வே பட்டறையில் அவனைப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார். தங்கியிருந்த வீட்டின் கொல்லைப்புறத்திலும் வீட்டுக்காரர் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். பகலில் ரயில்வே பட்டறை. மாலையில் கொல்லைப் பட்டறை. லேத்தில் கடைவதும் அரம் பிடிப்பதும் கைக்கு வந்தது அங்கேதான்.

மூன்றாண்டுகள் ஆவதற்குள் அந்த அம்மையாரிடம் பணம் தீர்ந்துவிட்டது. பயிற்சி பாதியில் நின்றது. கையில் சான்றிதழ் கிடையாது. வேலை தேடி நடந்தார். லீட்ஸ் நகரில் ஒரு கருவிப் பட்டறையில் வாரம் 11 ஷில்லிங் கூலிக்குச் சேர்ந்தார். பிறகு லண்டனில் மின்சாரக் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. பகலில் வேலை பார்த்துவிட்டு இரவு வகுப்பில் மின்சாரம் படித்தார். லிவர்பூல் நகரில் தெருவிளக்குப் போடும் பணிக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

20 பவுண்டு முதல்

இனிப் பிறரிடம் வேலை கேட்பதில்லை என்று முடிவு செய்தார். 1884-இல், 21-ஆவது வயதில், மான்செஸ்டர் நகரின் குக் தெருவில் சொந்தப் பட்டறை தொடங்கினார். ராய்ஸின் சேமிப்பு 20 பவுண்டு. கூட்டாளி கிளேர்மான்ட் போட்டது 50 பவுண்டு. மின்சார மணி செய்தார்கள். பிறகு டைனமோ, அதற்குப் பிறகு பாரந்தூக்கும் மின்சார கிரேன். ராய்ஸ் கிரேன் என்றால் நம்பி வாங்கலாம் என்று பெயர் வந்தது.

அந்தப் பெயருக்கு அவர் கொடுத்த விலை தூக்கமும் சாப்பாடும். பட்டறையின் மேலறையிலேயே குடியிருந்தார்கள். வேலையில் இறங்கினால் நேரம் தெரியாது. பல இரவுகள் வேலை மேஜை மீதே தலை சாய்த்தார். பால் கிளாஸைக் கையில் கொடுத்து ஒரு பையனை அவர் பின்னாலேயே அனுப்புவார்கள் என்று சொல்வதுண்டு. 1902-இல் உடம்பு தாளாமல் படுத்தார். நண்பர்களின் வற்புறுத்தலால் தென்னாப்பிரிக்காவுக்கு ஓய்வுக்குப் போனார்.

திரும்பி வந்ததும், ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய 'டெக்காவில்' என்ற பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கினார். ஓய்வாகக் காற்று வாங்கிவரத்தான் கார். ஆனால் அந்த வண்டியின் சத்தமும் அதிர்வும் அவருக்குப் பொறுக்கவில்லை. முழுவதும் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் ஏன் அப்படி இருக்கிறது, இன்னும் எப்படி இருக்கலாம் என்று ஆராய்ந்தார். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ் பெற வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்ததில்லை. இருப்பதை எடுத்து, குறை நீக்கி, மேலும் நல்லதாக்குவதே அவர் வழி. 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி, அவருடைய சொந்தக் கார் பட்டறையிலிருந்து வெளியே வந்தது. இரண்டு சிலிண்டர், 10 குதிரை சக்தி.

சீமான் வீட்டுப் பிள்ளை

லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்று வந்தவர் சார்லஸ் ரோல்ஸ். பிரபுவின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர். நல்ல ஆங்கிலேயக் கார் ஒன்று விற்பனைக்குக் கிடைக்கவில்லையே என்ற குறை அவருக்கு இருந்தது. 1904 மே 4-ஆம் தேதி, மான்செஸ்டர் மிட்லண்ட் ஹோட்டலில் இருவரும் சந்தித்தார்கள். காரில் ஏறிப் பார்த்த ரோல்ஸ், ராய்ஸ் செய்யும் கார் அத்தனையையும் தாமே விற்பதாக ஒப்புக்கொண்டார். 1906-இல் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி பிறந்தது.

தொடக்கத்தில் ஒரு பெரிய சோதனை வந்தது. ஆறு சிலிண்டர் கொண்ட 30 குதிரை சக்திக் காரில் கிராங்க் ஷாப்ட் முறிந்தது. நீண்ட ஷாப்ட் சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டரின் உதையிலும் சற்று முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது. அந்த முறுக்கு அதிர்வு தொடர்ந்தால் எஃகும் தளர்ந்து உடையும். பல கம்பெனிகளைத் திணற வைத்த கோளாறு இது. ராய்ஸ் எஞ்சினையே புதிதாக வரைந்தார். சிலிண்டர்களை மூன்று மூன்றாக இரு கட்டுகளாகப் பிரித்தார். ஷாப்ட்டைத் தடித்ததாக்கினார். ஏழு பேரிங்குகள் அதைத் தாங்கின. ஷாப்ட்டின் உள்ளே துளையிட்டு, அழுத்தத்துடன் எண்ணெய் பாயச் செய்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக். ஒரு வழி கெட்டாலும் மறு வழியில் பொறி வரும். அந்த 7,036 சி.சி. எஞ்சின்தான் சில்வர் கோஸ்ட்டின் இதயம்.

சட்டத்தைப் பூட்டுவதிலும் அதே கவனம். மற்றவர்கள் ரிவிட் அடித்த இடங்களில், அவர் துளையைக் கையால் சீராக்கி, கூம்பு வடிவ போல்ட்டை முடுக்கினார். ரிவிட் நாளடைவில் தளர்ந்து சத்தம் போடும். போல்ட்டை மீண்டும் முடுக்கலாம். பின்னாளில் பழுது பார்க்கப் போகும் தொழிலாளியை நினைத்துச் செய்த வேலை அது.

மலை ஏறிய வண்டி

அந்தக் கார் நம் நாட்டுக்கும் வந்தது. 1908-இல் பம்பாய்க்கும் கோலாப்பூருக்கும் இடையே, மேற்கு மலைத்தொடரின் கணவாய்களைக் கடந்து நடந்த மோட்டார் சோதனையில் ரோல்ஸ் ராய்ஸ் வென்றது. 'கிழக்கின் முத்து' என்று பெயரிடப்பட்ட அந்த வண்டியைக் குவாலியர் மகாராஜா வாங்கினார். மற்ற சமஸ்தானங்களும் போட்டி போட்டு வாங்கத் தொடங்கின.

கம்பெனி செய்தது எஞ்சினும் சட்டமும் மட்டுமே. மேற்கூடு கட்டும் வேலை வேறு கம்பெனிகளுடையது. கார் வாங்குகிறவரின் டிரைவருக்குக் கம்பெனியே பள்ளி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தது. எந்த மூட்டுக்கு எப்போது எண்ணெய் விடுவது, எதை எப்போது கழற்றித் துடைப்பது என்பதை அங்கே கற்றார்கள். மகாராஜா பின் இருக்கையில் அமர்ந்தார். காரின் ஆயுளோ எண்ணெய்க் குவளை பிடித்தவன் கையில் இருந்தது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலுமாக 7,800-க்கும் மேற்பட்ட சில்வர் கோஸ்ட்கள் செய்யப்பட்டன. நூறு ஆண்டுகளைக் கடந்தும் அவற்றில் பல ஓடுகின்றன. அவற்றுக்கு வேண்டிய பாகங்கள் சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை. தேய்ந்த பாகத்தை அளந்து, பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு, லேத்தில் கடைய வேண்டும். பேரிங் தேய்ந்தால் வைட் மெட்டலை உருக்கி ஊற்றி, அச்சுக்குப் பொருந்தும் வரை சுரண்ட வேண்டும். ராய்ஸ் கொல்லைப் பட்டறையில் கற்ற அதே கைவேலைதான் அவருடைய கார்களை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது.

ஓய்ந்துபோன உடம்பு

1908-இல் டெர்பி நகரில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1910 ஜூலை 12-ஆம் தேதி, போர்ன்மத் நகரில் நடந்த விமான விபத்தில் ரோல்ஸ் இறந்தார். அவருக்கு வயது 32. அடுத்த ஆண்டே ராய்ஸ் கடுமையாக நோயுற்றார். பல்லாண்டுகளாகத் தள்ளிவைத்த சாப்பாடும் தூக்கமும் ஒன்றாகக் கணக்குக் கேட்டன. பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தது. இனிச் சில மாதங்களே என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

கம்பெனி நிர்வாகி கிளாட் ஜான்சன் அவரைத் தொழிற்சாலையிலிருந்து பிரித்து வைத்தார். குளிர் காலத்தில் பிரான்சின் தென் கடற்கரையில் லே கனடெல். மற்ற நாட்களில் இங்கிலாந்துக் கடற்கரை. ஈத்தல் ஆபின் என்ற நர்ஸ் கூடவே இருந்து நேரத்துக்கு உணவு கொடுத்தார். நேரத்துக்குப் படுக்க வைத்தார். காருக்கு எண்ணெய் போல, அவருக்கு அந்தப் பராமரிப்பு. சில மாதங்கள் என்று கெடு வைக்கப்பட்ட மனிதர் மேலும் 21 ஆண்டுகள் வாழ்ந்தார். வரைபடங்கள் டெர்பிக்குத் தபாலில் போயின. செய்த பாகங்கள் பார்வைக்குத் திரும்பி வந்தன. ஆனால் தொழிலாளர் நடுவே நின்று அரம் பிடிக்கும் பாக்கியம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவருக்குப் பிடித்த இடமே அதுதான்.

முதல் உலகப் போரின்போது 'ஈகிள்' விமான எஞ்சினை உருவாக்கினார். 1919-இல் அட்லாண்டிக் மாகடலை நில்லாமல் முதன்முதலில் கடந்த அல்காக், பிரவுன் ஆகியோரின் விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் எஞ்சின்களே. 1931-இல் அவரது 'ஆர்' எஞ்சின் விமானத்தை மணிக்கு 400 மைல் வேகத்துக்கு மேல் பறக்க வைத்தது. 1930-இல் 'பாரனெட்' பட்டம் தேடி வந்தது. பட்டம் வந்த பிறகும் அவர் தம்மை ஒரு மெக்கானிக் என்றே கருதிக்கொண்டார்.

1933 ஏப்ரல் 22-ஆம் தேதி, வெஸ்ட் விட்டரிங் என்ற கடற்கரை ஊரில் ராய்ஸ் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில், அவர் தொடங்கிவைத்த 'மெர்லின்' எஞ்சின் முதன்முதலாக இயங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்தைக் காத்த விமானங்களில் அது முழங்கியதைக் கேட்க அவர் இல்லை.

அவருடைய அஸ்தி, பிறந்த ஊரான ஆல்வால்ட்டன் மாதா கோயிலில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆலை நொடித்து வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை, அங்கேயே திரும்பிவிட்டார். அவர் செய்த வண்டிக்குத் தேய்மானம் இரண்டு பவுண்டுச் சொச்சம். அதைச் செய்த உடம்பின் தேய்மானத்தை அளந்து பார்க்க எந்தக் கிளப்பாரும் வரவில்லை.